கல்வீட்டோடு வளவும் பிழைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1990இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்த, பின்னர் இராணுவத்தின் வசமிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டுவருவதால், பற்றைக்குள் மறைந்துகிடந்த பழைய கல்வீடுகள் பல வெளியே தெரியவந்துள்ளன. கூரை போய், கதவு நிலைகளும் கழற்றப்பட்ட பின்னும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள் வேம்புக்கும் இலுப்பைக்கும் நடுவே நிற்கின்றன. வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் தொலைபேசியில் “வளவைத் துப்புரவாக்கி விடுங்கோ” என்று சொல்ல, பெக்கோ என்னும் மண் அள்ளும் இயந்திரம் வந்து ஒரு பகலிலேயே எல்லாவற்றையும் வெறுந்தரை ஆக்கிவிடுகிறது.

நாயுண்ணிப் பற்றையை அகற்றத்தான் வேண்டும். சுவர் வெடிப்பில் வேரோடிய அரசங்கன்றையும் விட்டுவைக்க முடியாது. ஆனால் அதை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும் என்பதால், அடியோடு தறித்து, வேர் பட்டுப்போன பிறகு அவ்விடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே முறை. பலர் சீமெந்தைப் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புக் கல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் தன்மையது. அதன்மேல் இறுக்கமான சீமெந்துப் பூச்சு ஏறினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, பூச்சு பாளம் பாளமாகக் கழல்வதோடு கல்லும் மாவாக உதிரத் தொடங்கும்.

கிணற்றடி வேம்பு பற்றை அல்ல. மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் படாமல் தடுப்பது அதன் நிழல்தான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இக்குடாநாட்டில், மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையில் தேங்குவதையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம். முற்றம் முழுவதும் கொங்கிறீற்றுக் கல் பதித்த வளவுகளிலோ அந்த மழை ஒழுங்கைக்கு ஓடிவிடுகிறது. இவ்வாறு மரங்களை அழித்துவிட்டு விருந்தினர் விடுதி கட்டுவோர் “இயற்கைச் சூழல்” என்று விளம்பரமும் செய்கிறார்கள்!

பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்று 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. அதுபோல, கட்டட வரைபடத்துக்கு அனுமதி கோருவோர் வளவில் நிற்கும் பெருமரங்களையும் பழைய கற்சுவர்களையும் அவ்வரைபடத்திலேயே குறித்துக் காட்ட வேண்டும் எனப் பிரதேச சபைகள் நிபந்தனை விதிக்கலாம். அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்த பின்னரே இயந்திரம் வளவுக்குள் இறங்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
தெல்லிப்பழை.