1864-க்கு முந்தைய அயர்லாந்து முன்னோர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தில் வேர்கொண்ட குடும்பங்களின் வரலாற்றைத் தேடித் தருமாறு எங்களிடம் ஒப்படைத்தவர்களில் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றைச் சில வாரங்களில் எடுத்துக் கொடுத்த நாங்கள், அவருடைய தந்தையைக் கண்டறிய ஏன் மாதக்கணக்கில் அவகாசம் கேட்கிறோம் என்றும், கண்டறிந்த பிறகும் அறிக்கையில் "உறுதி" என்று எழுதாமல் "பெரும்பாலும்" என்று ஏன் எழுதுகிறோம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சுருக்கமாகப் பதில் எழுதுவதைவிட, எல்லோருக்கும் ஒரே மடலில் விரிவாக விளக்குவதே முறை என்று கருதுகிறோம்.

அயர்லாந்தில் பிறப்பையும் இறப்பையும் கத்தோலிக்கத் திருமணங்களையும் அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரி 1 அன்றுதான். கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதல் பதிவாயின. 1845-க்கும் 1852-க்கும் இடையே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அரசு இறப்புச் சான்று கிடையாது. ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார்கள். உங்கள் குடும்பத்தின் முதல் அயர்லாந்துக்காரர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரானால், அரசின் பதிவேடு திறப்பதற்கு முன்பே அவர் ஊரைவிட்டுப் போயிருப்பார்.

அரசுப் பதிவு இல்லாத காலத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுத்திருக்க வேண்டும். 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே கணக்கெடுத்தார்கள். ஆனால் 1861, 1871 ஆண்டுகளின் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரையிலானவை டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தபோது அவற்றில் மிகச் சில துண்டுகளைத் தவிர எல்லாம் சாம்பலாயின. கேவன் மாவட்டத்தின் கில்லிஷாண்ட்ரா பங்குக்கான (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியே பங்கு) 1841-ஆம் ஆண்டுப் படிவங்கள் அப்படித் தப்பியவற்றுள் ஒன்று. நாடு முழுமைக்கும் இன்று கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டினுடையதே.

இந்தத் தீயைக் காரணம் காட்டி "எல்லாம் எரிந்துவிட்டது, இனித் தேடிப் பயனில்லை" என்று சொல்வோர் உண்டு. அது சரியன்று. கத்தோலிக்க ஆலயங்களின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகள் அந்தக் காப்பகத்துக்குப் போகவே இல்லை. அவை அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் பிழைத்தன. அயர்லாந்தின் தேசிய நூலகம் ஏறத்தாழ 1880 வரையிலான பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, 2015 ஜூலையில் அனைவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. எங்கள் வேலையின் பெரும்பகுதி அந்தப் பக்கங்களைப் படிப்பதுதான். மங்கிய மை, சுருக்கி எழுதிய சொற்கள், பாதிப் பக்கம் இலத்தீன்: ஜேம்ஸ் என்பவர் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் என்பவர் குலியெல்முஸ். நகரப் பங்குகளில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிவேடுகள்கூடக் கிடைக்கின்றன. மேற்குக் கரையின் ஏழை ஊர்களில் பல 1820-க்குப் பிறகே தொடங்குகின்றன. அடக்கப் பதிவுகள் மிக அரிது. ஆனால் திருமுழுக்குப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், குழந்தைக்குச் சாட்சியாக நின்ற ஞானப்பெற்றோரின் பெயர்களும் பெரும்பாலும் இருக்கும். ஞானப்பெற்றோர் பல நேரங்களில் உறவினர்களே என்பதால், நாங்கள் அவர்களையும் தவறாமல் குறித்துக்கொள்கிறோம்.

இத்தனையையும் திறக்கும் சாவி ஒன்றே: டவுன்லேண்டு. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு அது. நாடெங்கும் அறுபதாயிரத்துக்கு மேல் உள்ளன. ஒரே பெயர் பல மாவட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். "கார்க் மாவட்டத்து மர்ஃபி" என்று மட்டும் எங்களிடம் சொன்னால், அந்த நாட்டிலேயே மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயரை, மிகப் பெரிய மாவட்டத்தில், எந்த ஆலயத்தின் ஏடு என்று தெரியாமலே தேட வேண்டியிருக்கும். டவுன்லேண்டு தெரிந்துவிட்டால் பங்கு தெரிந்துவிடும். பங்கு தெரிந்தால் பதிவேடு தெரிந்துவிடும்.

அதன் பிறகு இரண்டு நில ஆவணங்கள் துணைக்கு வருகின்றன. 1823 முதல் 1837 வரை, அரசு சார்ந்த, கத்தோலிக்கம் அல்லாத அயர்லாந்துத் திருச்சபைக்கான தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பகுதி என்ற வரியை) கணக்கிட எழுதப்பட்ட ஏடுகள் ஒன்று. கத்தோலிக்கக் குடியானவர்களும் அந்தத் திருச்சபைக்குச் செலுத்த வேண்டியிருந்ததால் அவர்களுடைய பெயர்களும் அவற்றில் உள்ளன. மற்றொன்று, ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் நடந்து 1847 முதல் 1864 வரை வெளியான நில மதிப்பீடு. யார் குடியிருந்தார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார், எவ்வளவு பரப்பு என்பதை டவுன்லேண்டு வாரியாக அது சொல்கிறது. ஒரே இடத்தில் இரண்டு ஜான் மர்ஃபிகள் இருந்தால், குழப்பம் வராதிருக்க ஒருவர் பெயரை அடுத்துத் தந்தையின் பெயரையோ, தலைமுடியின் நிறத்தையோ அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் நமக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். ஆனால் இரண்டு ஆவணங்களும் குடும்பத் தலைவரின் பெயரோடு நின்றுவிடும். மனைவி, மக்கள் யார் என்று சொல்லா. தசமபாக ஏடுகளில் நிலமற்ற கூலியாட்களுக்கு இடமே இல்லை.

எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஆவணம் வேறொன்று. 1909 ஜனவரியில் எழுபது வயதினருக்கு முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, பிறப்புச் சான்றே இல்லாத அந்த முதியவர்கள் தங்கள் வயதை எப்படி மெய்ப்பிப்பது? 1841, 1851 கணக்கெடுப்புகளில் குழந்தையாகத் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத்தில் பெற்றோரின் பெயர்களையும் அன்று குடியிருந்த டவுன்லேண்டையும் எழுத வேண்டியிருந்தது. கணக்கெடுப்பு ஏடுகள் பின்னர் எரிந்தன. அவற்றைப் பார்த்து எழுதிய தேடல் படிவங்கள் மிஞ்சின. உங்கள் முன்னோர் கடல் கடந்து போயிருந்தாலும், ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பியோ தங்கையோ கொடுத்த விண்ணப்பம் பெற்றோரைக் காட்டிக் கொடுக்கக்கூடும். ஆகையால்தான் உடன்பிறந்தோரின் பெயர்களை உங்களிடம் வற்புறுத்திக் கேட்கிறோம்.

இனி "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பற்றி. பல குடும்பங்களில் முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் இடுவது வழக்கமாக இருந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் பேரனைப் பெயரன் என்று அழைத்த மொழிக்கு இது புதிதன்று. ஆனால் ஒரு பாட்டனுக்கு நான்கு மகன்கள் இருந்தால், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே பங்கில், ஒரே பெயரில் நான்கு பேரன்கள் இருப்பார்கள். குடும்பப் பெயரும் நிலையாக நிற்பதில்லை. கொல்லர் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த மக்கவன் என்ற பெயரைக் கேவன் பகுதியில் பலர் ஸ்மித் என்று ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள். பிரிட்ஜெட் என்ற பெண் வேறோர் ஆவணத்தில் டீலியா ஆகிவிடுவார். ஆகவே பெயரும் ஆண்டும் பொருந்துகின்றன என்பதற்காக மட்டும் ஒருவரை உங்கள் முன்னோராக எழுதித் தர எங்களுக்கு மனம் இடம் தராது. ஞானப்பெற்றோர், டவுன்லேண்டு, தாயின் குடும்பப் பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் "உறுதி" என்று எழுதுகிறோம்.

தமிழ்நாட்டின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் அயர்லாந்துக்காரர்கள் பெருந்தொகையினர். சென்னை மாகாணத்தின் ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்று 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாளமாகவே மாறியது. இம்மாகாணத்து ஆலயங்களில் நடந்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. உங்கள் தேடலை அயர்லாந்திலிருந்து அல்ல, அந்தப் படிகளிலிருந்தே தொடங்குவோம்.

எங்களுக்கு எழுதும்போது, குடும்பப் பைபிளின் முதல் பக்கங்கள், பழைய கடிதங்களின் உறைகள், கல்லறைக் கல்வெட்டுகள், இறப்புச் செய்திகள் ஆகியவற்றின் படங்களை அனுப்புங்கள். அயர்லாந்தை விட்டு வந்தவரின் கல்லறையில் பிறந்த ஊரின் பெயரைப் பொறிப்பது பல குடும்பங்களில் வழக்கம். எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள், திருத்த வேண்டாம். டவுன்லேண்டு தெரியாதவர்களுக்கு அதைக் கண்டறிவதையே முதல் கட்டப் பணியாக எடுத்துக்கொள்வோம். அது கிடைக்கவில்லையெனில் அடுத்த கட்டத்துக்குக் கட்டணம் பெற மாட்டோம். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அத்தொகையை, நாங்கள் பார்த்த பதிவேடுகளின் பட்டியலோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
குடும்ப ஆவணத் தேடல் குழுவினர்