செயலாளர் ஆண்டறிக்கை 2025: ‘யாருக்கு?’ என்ற வரி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் விடுமுறை தவிர செயற்குழு மாதந்தோறும் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் சிறுநீரக நோயாளிகள் அல்லர்; நோயாளிகளுக்குச் சமைத்துப் போடுபவர்கள். மார்ச் 13, உலகச் சிறுநீரக நாளன்று புளோக்கின் கீழ்த்தளத்தில் ரத்த அழுத்தம் பார்த்தோம். மழை, கூட்டமில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

மற்ற நேரமெல்லாம் ஒரே வேலைக்குத்தான் போனது. சிறுநீரக நோயாளிகளின் உணவு பற்றி உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகளை, நம் வீட்டுச் சமையலுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பக்கத் தமிழ்த் தாளாகக் கொண்டுவருவது. சென்னையில் ஓர் உணவியல் நிபுணரும் கிள்ளானில் ஒருவரும் ஞாயிறு இரவுகளில் ஸூம் வழியே கைகொடுத்தார்கள். இங்கே சிங்கப்பூரில் ஒன்பதரை என்றால் சென்னையில் ஏழு மணி. புரதக் கணக்கு நடக்கும்போது அந்த அம்மா வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்.

கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முடியாது. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் கட்டுரைகளிலும் பலவற்றில், மாற்றி வெளியிடக்கூடாது என்ற உரிம நிபந்தனை இருக்கிறது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். சரி, படித்துப் புரிந்துகொண்டு நம் சொற்களிலேயே எழுதுவோம் என்று முடிவெடுத்தோம். இப்போது யோசித்தால் அதுவே நல்லதாகப் போயிற்று.

முதல் தாளுக்கு எடுத்துக்கொண்டது, நோயாளியின் தசையும் உடம்பில் சேர்ந்திருக்கும் சத்தும் கரைந்துபோகும் நிலை. இதை ஒரு நாட்டு மருத்துவர் ஒரு பெயராலும் இன்னொரு நாட்டவர் வேறு பெயராலும் எழுதிக்கொண்டிருந்ததால், ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியவில்லை. சிறுநீரக ஊட்டச்சத்துக்கான பன்னாட்டுச் சங்கத்தின் நிபுணர்கள் கூடிப் பேசி, 2008இல் ஒரே பெயரையும் அதைக் கண்டறியும் அளவுகோல்களையும் வெளியிட்டார்கள். தமிழில் ‘புரத ஆற்றல் நலிவு’ என்று போடலாமா என்று நாங்கள் முக்கால் மணி நேரம் வாதாடினோம். ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினரின் மனைவி, “எங்க வீட்டுக்காரர் உருகிப் போயிட்டாரு, அதானே?” என்றார். தாளில் இரண்டுமே இருக்கின்றன. அவர் சொன்னதுதான் முதலில்.

அவரிடம் அப்புறம் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில் மீன், முட்டை, பருப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடம் ஆகியும் அதே ரசம் சோறு, அதே பூசணிக்காய்ப் பொரியல். அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறநிறுவனம் (நம்மூரிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, அது வேறு) அந்நாட்டு உணவியல் நிபுணர்களின் அமைப்போடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில், நீரிழிவு இல்லாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.55 முதல் 0.6 கிராம் புரதம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு முன்பு அதிகபட்சம் 36 கிராம். பிறகு 60க்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர்களே இப்போது சாப்பிடு என்கிறார்கள் என்றால் யார்தான் நம்புவார்? அந்த அம்மாவும் நம்பவில்லை. கிள்ளான் நிபுணர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ‘யாருக்கு?’ என்று ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போடுவதென்று முடிவு. தீர்மானத்தை எழுதியவன் நான்தான். அதை முதலில் மறந்தவனும் நான்தான்.

சீனாவின் 600 கிராமங்களில் ஆஸ்திரேலிய, சீன ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தி 2021இல் வெளியிட்ட உப்பு ஆய்வு பெரிய அளவில் பேசப்பட்டது. வழக்கமான உப்புக்குப் பதில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. உற்சாகத்தில் தீபாவளி அன்பளிப்புப் பைகளில், முறுக்குக்குப் பக்கத்தில், சோடியம் குறைந்த உப்புப் பொட்டலம் ஒன்றையும் வைத்துவிட்டேன். தொண்டூழியர்கள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்த அன்றிரவே ஒரு பெரியவரிடமிருந்து தொலைபேசி. “தம்பி, பாக்கெட்டுக்குப் பின்னாடி பொட்டாசியம்னு போட்டிருக்கே. எனக்கு வாழைப்பழமே ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க.”

ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. கழிவை வெளியேற்ற முடியாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். நள்ளிரவு வரை ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்தோம், மறுநாள் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினோம். நல்ல வேளையாக, திரும்பி வந்த எதையும் யாரும் பிரித்திருக்கவில்லை. குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த உப்பு நன்மைதான். ஆனால் ஒரே சட்டியில் சமைக்கிற வீட்டில் அதைப் பிரித்து வைப்பது நடக்காத காரியம். உப்பைப் பற்றிய தாள் மூன்று முறை திருத்தப்பட்டு, சென்னையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த பொட்டலங்களில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் போனதும் தயவுசெய்து அடுப்படி அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்றிரவே எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்.

செயலாளர்