வயிற்றைப் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

பெர்த்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயாமே. வயிறு எரிகிறது, சரி. சிவப்பு நண்டைப் பற்றி ஊரே உனக்குச் சொல்லும். நான் ஃபிரிகேட் என்னும் கடற்பறவைக்காக மட்டும் எழுதுகிறேன்.

ஃபிரிகேட் என்று கண்டுகொள்வது சுலபம். நீண்டு ஒடுங்கிய இறக்கையை அசைக்காமலே தலைக்கு மேல் வட்டமடிக்கும். வால், இரட்டைவால் குருவிக்கு இருப்பதுபோல் பிளந்திருக்கும். எந்த ஃபிரிகேட் என்பதில்தான் தலைவலி. அங்கே பெரியது, சிறியது, அப்புறம் கிறிஸ்துமஸ் ஃபிரிகேட் என மூன்று உண்டு. கடைசியாகச் சொன்னது அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை.

பெயரை வைத்து அளவை நம்பாதே. வெறும் வானத்தில் தனியாகப் பறப்பதன் அளவை யார் கண்டது? வயிற்றைப் பார். உடம்பெல்லாம் கறுத்து வயிற்றில் மட்டும் வெள்ளைத் திட்டு இருந்தால் கிறிஸ்துமஸ் ஆண். வயிறும் கறுத்து, அக்குளில் மட்டும் வெள்ளைக் கீற்று ஓடினால் சிறியதன் ஆண். அடியில் வெள்ளையே இல்லையென்றால் பெரியதன் ஆண்.

பெண்ணுக்குத் தொண்டையில் ஆரம்பி. தொண்டை வெளுத்திருந்தால் பெரியது. கறுத்திருந்தால் கீழே வா: வெள்ளை வயிறுவரை இறங்கினால் கிறிஸ்துமஸ், நெஞ்சோடு நின்றுவிட்டால் சிறியது. குஞ்சுப் பருவம் தாண்டாதவை மூன்றிலும் தலை செம்பழுப்பாக இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டாதே, 'ஃபிரிகேட், இளசு' என்று எழுதிவிட்டுப் போ.

முதல் நாள் நானே ஏமாந்தேன். வெள்ளை தெரிந்ததும் நோட்டில் 'கிறிஸ்துமஸ் ஆண்' என்று பெரிதாக எழுதினேன். ராத்திரி படத்தைப் பெரிதாக்கினால் அக்குளில் மட்டும் வெள்ளை! அடித்துவிட்டேன்.

காட்டுக்குள் அலைய வேண்டாம். கிறிஸ்துமஸ் ஃபிரிகேட் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் உயரமான மரங்களில் கூடு கட்டும். நன்னீர் தேங்கிய இடம் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடு. ஃபிரிகேட்டின் இறகில் தண்ணீர் ஊறிவிடும், அதனால் கடற்பறவையாக இருந்தும் கடலில் இறங்காது. தண்ணீரையும் பறந்தபடியே அலகை நனைத்துத்தான் குடிக்கும். அப்படித் தாழ வரும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும். இரை பிடித்துத் திரும்பும் பூபி என்னும் கடற்பறவைகளைத் துரத்தி, வாலைக் கவ்வி, விழுங்கிய மீனைக் கக்கவைக்கும் அடாவடியும் கண்ணில் படலாம். அதற்காக முழுநேரத் திருடன் என்று நினைக்காதே, பறக்கும் மீனையும் கணவாயையும் தானே பிடித்துத்தான் பெரும்பாலும் வயிறு வளர்க்கிறது.

படம் எடுத்தால் அடிப்பக்கம் தெரியும்படி எடுத்து அனுப்பு. போன தடவை அனுப்பிய ஆறு படத்திலும் முதுகுதான்.

அன்புடன்,
அக்கா