மெஷின் வாங்கவில்லை, சொக்கு

ஆத்தங்குடி
மார்கழிக் கடைசி

அன்புள்ள சொக்கு,

என் தரைக்கல் பட்டறைக்குப் பிரஸ் மெஷின் வாங்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் அதையே தேடிக்கொண்டு படிப்பாய். நீ அனுப்பிய கொட்டேஷன் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கோபத்தில் என் பெரிய மகன் என்னோடு பேசுவதில்லை. அவன் அம்மா இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருக்கிறாள், அவள் யார் கட்சி என்பது இன்னும் தெரியவில்லை.

பிள்ளையார் நோன்புக்கு, வெல்லம் கலந்த மாவில் திரி வைத்து ஏற்றி விழுங்கும் இழையை எடுத்துக்கொள்ள வருகிறேன் என்றாய், வழக்கம்போல வரவில்லை. உன் பங்கையும், நாம் ‘பட்டினத்தார்’ என்று கூப்பிடுகிற பெரியவரே வாங்கி விழுங்கினார். தமக்குச் சர்க்கரை என்பது அன்று ஒருநாள் மட்டும் அவருக்கு நினைவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

வருஷம் எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். சிமெண்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதே, இனி உனக்கென்ன குறை என்று கிண்டல் வேறு. கோயம்புத்தூரில் இத்தனை காலம் பம்பு செய்து விற்கிறவன் கேட்கிற கேள்வியா இது? வாங்கும்போது கட்டுகிற வரியை விற்கும்போது கழித்துக்கொள்கிறோம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு முடங்கிக் கிடக்கும் பணம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கல் விலையையும் குறை என்கிறார்கள். ஏப்ரலில் ஜல்லி உடைக்கிற கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கட்டட வேலைகள் நின்று எங்கள் கல் அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடந்ததே, அப்போது ஒருவரும் வந்து பேசவில்லை.

உண்மையான அடி அந்த ஹோட்டல் வேலையில் விழுந்தது. காண்ட்ராக்டர் பெயர் வேண்டாம், நீயே ஊகித்துக்கொள். கல் போய் இறங்கி, பதித்து, தவிடு போட்டுத் தேய்த்து, முகப்பில் நின்று மணப்பெண்கள் படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மினுமினுத்தாயிற்று. பாக்கி மட்டும் வரவில்லை. சட்டம் என் பக்கம்தான். சிறுதொழில்காரனுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி என்று 2006-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. போதாததற்கு 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கையில் கொடுக்கிற வருஷம்வரை அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர் இதையெல்லாம் வரிவரியாகப் படித்துக் காட்டி, புகார் கொடுத்துவிடலாமா என்றார். கொடுத்தால் வட்டி வரும், அடுத்த வேலை வராது. இங்கிருந்து புதுச்சேரிவரை காண்ட்ராக்டர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மச்சான். அதனால் புகார் தாளும் உன் கொட்டேஷனோடு அதே இழுப்பறையில் கிடக்கிறது. தை பிறந்ததும் ஒரே விதிதான். பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் கண்ணாடியைத் துடைத்துக் கல் போடத் தொடங்குவோம். பட்டினத்தார் வந்து கேட்டாலும் சரி.

இனி மெஷினுக்கு வருகிறேன். பிரஸ் போட்டால் ஒரே அளவு, ஒரே கனம், வேகம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கல்லுக்குப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? கண்ணாடியிலிருந்து. கண்ணாடியின் மேல் கலவை கிடந்து இறுகுவதால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்குகிறது, சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. அந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் உன் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு அடியில் வை பார்க்கலாம். பிரஸ்ஸில் வருவதும் நல்ல கல்தான், இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு கல். அதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வடக்கேயிருந்து எங்கள் பூவை அப்படியே அச்சடித்து வருகிற பீங்கான் டைல்ஸ் எங்கள் விலையில் பாதிக்குக் காரைக்குடிக் கடைகளிலேயே கிடைக்கிறது. விலையில் அவனோடு மல்லுக்கு நின்றால் எனக்கு மிஞ்சுவது கோவணம்.

பெரியவன் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் பல நாள் பதில் சொல்ல முடியாமல் இருந்தேன். ‘சரி அப்பச்சி, இன்னும் பத்து வருஷம் கழித்து யார் கல் போடுவார்கள்?’

ராமு அண்ணனை உனக்குத் தெரியும். நாம் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அவர் கையைத்தான். கண்ணாடியின் மேல் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே தகர அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் பச்சையையும் சிவப்பையும் மஞ்சளையும் அறை அறையாக ஊற்றுவார். பிறகு அச்சை நேரே மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு பச்சைக்குள் இறங்கிவிடும். அதன்மேல் ஈரமில்லாத மணலும் சிமெண்டும் தூவி, சாந்தை அப்பி மட்டம் தட்டிவிட்டால் மற்றதைத் தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் ஒரு நாள், பாதி வேலையில் அச்சை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘தம்பி, நீ தூக்கு. எனக்குக் கை ஆடுது’ என்றார். நான் தூக்கினேன். இரண்டு பேரும் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இளவட்டங்களுக்கு உடம்பு வளையவில்லை என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ராமு அண்ணன் மகனிடமே கேட்டேன். ‘மழை பெய்தால் கல் காயாது, கல் காயாவிட்டால் கூலி இல்லை. மழைக்காலம் முழுக்க நான் என்ன சாப்பிடுவது?’ என்றான். அவன் ஓடியது வேலைக்குப் பயந்து அல்ல, ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பயந்து. கல் எண்ணிக் கூலி கொடுப்பதை என் ஐயா காலத்திலிருந்து நாங்கள் நியாயமாகவே நினைத்துவந்தோம். போடுகிறவனுக்குப் போட்ட அளவு. ஆனால் மழை அவன் கையில் இல்லையே.

ஆகவே தையிலிருந்து மாதச் சம்பளம். மழைக்கும் சம்பளம். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் தொட்டிகளுக்கு மேலே பெரிய கொட்டகை போடுகிறேன், காற்றோட்டமாக, உயரமாக. கணக்கு இடிக்கிறது என்று ஆடிட்டர் முகத்தைச் சுளிக்கிறார். கொஞ்சம் இடிக்கும்தான். விலையை ஏற்ற வேண்டும், சில ஆர்டர்களை விட வேண்டும்.

இன்னொன்று. இத்தனை காலம் கண்ணாடி துடைக்கவும் வண்ணம் கலக்கவும் மட்டும் வைத்திருந்த பெண்களை இப்போது கல் போட உட்கார வைத்திருக்கிறேன். வண்ணம் கலக்குகிறவளுக்குச் சாந்து எவ்வளவு இளகலாம் என்று ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதுதான் பாதி வேலை. அவர்களில் ஒருத்தி அச்சைத் தூக்கியதை ராமு அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, ‘கோணல் இல்லை’ என்றார். நம் கணக்கு வாத்தியார் வாயிலிருந்து இதற்கு மேல் நீ வாங்கியிருக்கிறாயா?

வேலை வருகிறது, அதில் சந்தேகமில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள், உடைந்த ஒரு கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, இதேபோல வேண்டும் என்கிறார்கள். பாட்டன் காலத்துச் சிவப்பு நம் சிவப்பு இல்லை, காலடி பட்டுப் பட்டு மங்கிய சிவப்பு. அதைப் பிடிக்க எத்தனை கலவை வீணாகிறது தெரியுமா! ஆனால் அதற்குத்தான் பேரம் பேசாமல் காசு தருகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் தகர அச்சுகள் சிலவற்றைச் சுவரில் மாட்டும் அலங்காரமென்று விற்றுக்கொண்டிருந்தான். மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். துரு நீக்கினால் குறைந்தது மூன்று அச்சிலாவது கல் போடலாம்.

உனக்கும் வேலை வைத்திருக்கிறேன். எங்கள் இரும்புச் சட்டங்கள் தேய்ந்து மூலை மட்டம் போய்விட்டன. பதிக்கிற கொத்தனார்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார்கள். கணினி சொல்கிறபடி அறுக்கிற உன் சி.என்.சி. மெஷினில் எட்டங்குலத்துக்கும் பத்தங்குலத்துக்கும் மூலை பிசகாமல் சட்டம் அறுத்துத் தர முடியுமா? மாதிரிக்கு இரண்டை பார்சலில் அனுப்புகிறேன். பெரியவனிடமே கொடுத்தனுப்பலாம் என்றுகூட நினைக்கிறேன், உன் மெஷினைப் பார்த்தால் அவன் கோபம் தணியும். விலையை ஒழுங்காகப் போடு, நண்பன் என்று குறைக்காதே. பாதிதான் முன்பணம் தருவேன். மீதி, 45 நாளில்.

உன்
வயிரவன்