தேங்காய் சுட்ட கதையும் கச்சாயப் பக்குவமும்

தேவி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் ஆடி முதல் தேதி, தேங்காய் சுடுகிற நோம்பி வந்தது, அது முடிந்தால் பெங்களூரிலிருந்து மகன் வந்தான், அப்புறம் இந்தக் காற்று, கூட்டித் தள்ளிய மண்ணையே திரும்பக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது.

இந்த வருஷம் தேங்காய் சுட்டதில் ஒரு கூத்து. உங்கள் வளவில் ஒரே நெருப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குச்சியும் கையுமாக நிற்போமே, நினைவிருக்கிறதா? நீ ஒரு தடவை உன் தேங்காயைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டு, அதைச் சுடவே விடமாட்டேன் என்று அழுதாய். பேத்திக்கு அதைச் சொல்லிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். மூன்று கண்ணில் மெதுவாக இருக்கும் ஒன்றைக் குத்தித் தண்ணீரை வடித்து, வறுத்த பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், தட்டிய வெல்லம், ஏலக்காய் எல்லாம் சின்னச் சின்னதாகத் திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப விட்டு, மஞ்சளும் பூசியாயிற்று. கண்ணில் செருகிச் சுடுகிற அழிஞ்சிக் குச்சிதான் இல்லை. சந்தையில் விற்றதை நான் வாங்க மறந்துவிட்டேன். மகன் எங்கிருந்தோ காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி வந்தான். பாதி சுடுவதற்குள் குச்சி எரிந்து முறிந்து, தேங்காய் நெருப்புக்குள் உருண்டு, கண் வழியாகப் பாகு ஒழுகி ஒரே புகை. பச்சை அழிஞ்சிக் குச்சி அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது, அதற்காகத்தான் அதைத் தேடியிருக்கிறார்கள், நான் ஏதோ சாங்கியம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! மிச்சம் ரெண்டையும் பக்கத்து வீட்டில் குச்சி வாங்கிச் சுட்டோம். ஓடு வெடித்ததும் வந்த வாசத்துக்கு, பிள்ளையாருக்குப் படைக்கும் வரை கூடப் பேத்தி பொறுக்கவில்லை.

நீ பக்குவம் கேட்ட கச்சாயத்துக்கு, அந்த அரிசி வெல்லப் பலகாரத்துக்கு, வருகிறேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது என்றாயே, அது எனக்கும் நடந்ததுதான். ஒன்று வெல்லம் கூடியிருக்கும், இல்லை மாவு நீர்த்திருக்கும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு முக்கால் டம்ளர் வெல்லம் போதும். அம்மாயி அளவெல்லாம் சொன்னதில்லை, கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்த்து "இன்னும் கெட்டியா" என்று மட்டும் சொல்லும். அரிசியை ரெண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும், ஏனென்றால் வெல்லம் சேர்ந்ததும் மாவு தானாகவே இளகிவிடும், முதலிலேயே தண்ணீர் விட்டால் தீர்ந்தது. வெல்லம் சேர்த்த மாவை ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் எள்ளும் பொடியாக நறுக்கிய தேங்காய்ப் பல்லும் போட்டு, ஒவ்வொன்றாக ஊற்று. தீ கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

வெல்லம் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதை எடுக்காதே. ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது அதுதான். கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஆலைக்காரர் ஒருவர், "கறுப்பா இருந்தா யாருங்க வாங்கறாங்க" என்கிறார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர் அது, அங்கேயே நிறம் பார்த்துத்தான் விலை. நான் கறுத்ததாகக் கேட்டு வாங்கிவிடுகிறேன், கச்சாயம் கொஞ்சம் கரேலென்று வரும், ருசி வேறு.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு வருகிறேன் என்றாயே, நிஜமாகத்தானா? வராவிட்டால் சொல், அண்ணன் மகன் அடுத்த வாரம் சென்னைக்கு வருகிறான், அவனிடம் ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்துவிடுகிறேன். தேங்காய்ப் பல் போட்டது, ரெண்டு மூன்று நாளைக்கு மேல் வைக்காதே. போசியைத் திருப்பி அனுப்பு, அது அம்மாயியோடது.

உன்
சரசு