ஹைக்கூ இயங்குதளம்: வேகம் வந்துவிட்டது, தமிழ் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மடிக்கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மின்கழிவுத் தொட்டியில் போடுமுன் இலேசான இயங்குதளம் எதையாவது ஏற்றிப் பாருங்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் யோசனை சொல்பவர்கள், ஹைக்கூவின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அது யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்பதை மட்டும் சொல்வதில்லை.

பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய பீ நிறுவனத்தின் சொத்துகளை 2001ல் பாம் நிறுவனம் வாங்கியபோது, அந்த இயங்குதளம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஆர்வலர்கள் சிலர் அதைத் திறந்த மூலமாக மறுபடியும் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கூ. சோதனைப் பதிப்புகளில் முதல் ஆல்ஃபா 2009ல், அடுத்த கட்டமான முதல் பேட்டா 2018ல், ஐந்தாம் பேட்டா 2024 செப்டம்பரில் வெளிவந்தன. முழுமையான முதல் பதிப்பு இன்னும் வரவில்லை. பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்யும் வேலை என்பதால் இந்த நிதானம்.

ஆனால், அண்மைய பேட்டாக்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நான்காம் பேட்டாவில் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த மூல இயங்குதளத்தின் வைஃபை இயக்கிகளும் சேர்க்கப்பட்டதால், பழைய மடிக்கணினிகளில் அதிகம் காணப்படும் இன்டெல் வைஃபை அட்டைகள் பலவும் இப்போது வேலை செய்கின்றன. ஐந்தாம் பேட்டாவில் தம் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பமைப்புக்கான பழைய இயக்கிக்குப் பதிலாக, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் இயக்கி வந்தது. குறைந்தபட்சத் தேவை 384 எம்பி ரேம், 3 ஜிபி இடம்தான். நிம்மதியாகப் பயன்படுத்த 2 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் வேண்டும்.

நிறுவும்போது தடுக்கும் இடங்கள் சில உண்டு. தரவிறக்கிய பிம்பக் கோப்பை (இமேஜ்) தம் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். எழுதி முடித்த தம் டிரைவை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணினியைத் தொடக்கும் பயாஸ் அமைப்பில், அறியாத இயங்குதளங்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை நிறுத்த வேண்டும். பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினியில் நிறுவிய பிறகும் தொடங்கவில்லை என்றால், வட்டின் இஎஃப்ஐ பகுதியில் ஹைக்கூவைத் தொடக்கிவைக்கும் ஏற்றிக் கோப்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். அதை நாமே நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் வட்டானால் அங்கே அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கும். அதன்மேல் எழுதினால் விண்டோஸுக்குச் சிக்கல் வரலாம். திரை கறுப்பாகவே நின்றால், தொடங்கும்போது ஸ்பேஸ் விசையை (பழைய பயாஸில் ஷிஃப்ட்) அழுத்தி, வரும் பட்டியலில் சேஃப் மோட் பகுதிக்குள் சென்று ஃபெயில்-சேஃப் கிராஃபிக்ஸ் இயக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

அதே பட்டியலில் இன்னொரு வசதி உண்டு. மற்ற இயங்குதளங்கள் இதைப் பார்த்துப் படிக்கலாம். ஹைக்கூவில் மென்பொருள் தொகுப்புகள் பிரித்துக் கொட்டப்படுவதில்லை, அப்படியே இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முந்தைய நிலை சேமிக்கப்படுகிறது. புதுப்பித்த பின் கணினி முரண்டு பிடித்தால், பழைய நிலையைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம்.

ஐந்தாம் பேட்டாவுக்குப் பிந்தைய மாற்றங்கள் தினசரி நைட்லி பதிப்புகளில் வருகின்றன. அவற்றுக்கு மாறுபவர்கள் 'ஹைக்கூ', 'ஹைக்கூபோர்ட்ஸ்' ஆகிய இரண்டு மென்பொருள் களஞ்சியங்களின் முகவரிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு தொகுப்புக்குத் தேவையான மற்றத் தொகுப்புகள் பொருந்தாமல் முட்டிக்கொண்டு புதுப்பிப்பு பாதியில் நிற்கும். இன்னொரு எச்சரிக்கை: கோப்புகளோடு ஒட்டியிருக்கும் பண்புக்குறிப்புகள் (அட்ரிபியூட்) ஹைக்கூவின் சொந்தக் கோப்பமைப்பான பிஎஃப்எஸ் வட்டில்தான் தங்கும். ஃபேட் தம் டிரைவுக்கு நகலெடுத்தால் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். முதலில் ஹைக்கூவிலேயே ஜிப் செய்துகொள்ள வேண்டும்.

இனி தமிழ். யூனிகோடில் 'பெயர்' என்ற சொல் ப, ஒற்றைக்கொம்பு, ய, ர் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து 'ப'வுக்கு முன்னால் வைப்பது திரையில் எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. ஹைக்கூவில் திரையில் வரையும் பகுதியான ஆப் சர்வர் ஓர் எழுத்துக்குறிக்கு ஓர் உருவம் என்ற கணக்கில் வரிசையாக வரைந்துவிடுவதால், கொம்பு 'ய'வின் பக்கம் போய் 'பயெர்' போலத் தெரிகிறது. கு, டு போன்றவற்றில் உகரக் குறி மெய்யோடு இணையாமல் தனியே நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. நோட்டோ தமிழ் போட்டாலும் இதே கதைதான். கியூட்டி என்ற கருவித்தொகுப்பில் எழுதப்பட்ட மென்பொருள்கள், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைத் தாமே கொண்டிருப்பதால் அவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். ஆனால் கோப்புப் பெயர், மின்னஞ்சல் தலைப்பு எல்லாம் ஹைக்கூவின் சொந்த மென்பொருள்களில்தானே தெரிகின்றன!

சேமித்த தரவு கெடுவதில்லை. தேடினாலும் சரியாகக் கிடைக்கும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பார்வைக்குச் சரியாக வரட்டும் என்று கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுகிறவர்கள், வேறு கணினியில் திறந்ததும் எல்லாம் குழம்பிக் கிடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே தமிழில் செய்தி படிக்கும் தாத்தா பாட்டியின் மடிக்கணினியில் இப்போதைக்கு ஹைக்கூ வேண்டாம். லினக்ஸ் மின்ட் போடுங்கள். அதில் தமிழ் பிசிறில்லாமல் வரும். உறக்க நிலை வசதி ஹைக்கூவில் இல்லை, பயனர்களைப் பிரித்து வைக்கும் பாதுகாப்பும் இல்லை என்பதால் வங்கி வேலைக்கும் அது ஏற்றதல்ல.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் சி++ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது வேறு விதமாகப் பயன்படும். ஹார்ஃப்பஸை ஆப் சர்வரில் செருகினால் மட்டும் வேலை முடியாது: சொல்லின் அகலத்தை அளப்பது, எழுத்துச் சுட்டியை (கர்சர்) நகர்த்துவது, தேர்ந்தெடுத்த பகுதிக்கு நிறம் பூசுவது எல்லாமே ஓர் எழுத்துக்கு ஓர் உருவம் என்று நம்பி எழுதப்பட்டவை. கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு ஏற்ற அளவுள்ள வேலை. அதைத் தொடங்க நிரல் எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ, டு, மூ ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி, ஹைக்கூவின் உரைத்தொகுப்பியில் தெரிவதையும் கியூட்டி தொகுப்பியில் தெரிவதையும் படமெடுத்து, பதிப்பு எண்ணோடு பிழைப் பதிவேட்டில் இட்டால் போதும். தமிழ் படிக்கத் தெரியாத நிரலருக்கு எது தவறு என்று காட்ட அந்த இரண்டு படங்களும் வேண்டும்.

இப்படிக்கு,
கணினி ஆர்வலர் ஒருவர்,
ஈசூன்