அம்மா தூங்கினாள்

மக்கா,

நேற்று ராத்திரி அம்மா சொறியாமல் தூங்கினாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பித்தக்குழாயில் இருந்த கல்லை எடுத்தாச்சே, பிறகு ஏன் ஈரல் டெஸ்ட் இன்னும் சரியாக வரவில்லை, ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கி அனுப்பவா என்று கேட்டாயே, போனில் எனக்குச் சொல்ல வரவில்லை.

ஈரல் ஒரு நாளைக்கு 600 முதல் 1000 மில்லி வரை பித்தநீர் சுரக்கும். அது இறங்குகிற குழாயின் அகலமே 6 மில்லிமீட்டர் போலத்தான், அதில்தான் அம்மாவுக்குக் கல். பாளையங்கால்வாயில் அமலைச்செடி அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறி வயலில் நின்று நாற்றை அழுகவைக்குமே, அதேதான். பித்தநீரில் இருக்கிற பித்த உப்பு சோப்பு மாதிரி, குடலில் எண்ணெயைக் கரைக்கிற அதே சாமான் ஈரலுக்குள் தேங்கினால் செல்லுக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்டிரியாவைக் கெடுக்கும், அங்கிருந்து கட்டுக்கடங்காத ஆக்சிஜன் கிளம்பி செல்லில் இருக்கிற கொழுப்பைக் காறவைக்கும். திறந்து வைத்த தேங்காயெண்ணெயில் ஒரு காறல் வாடை வருமே, அந்த வேலை உடம்புக்குள்ளேயே நடக்கிறது. இதைத் தடுக்க ஈரல் தானே வைத்திருக்கிற ஆன்டி ஆக்சிடன்டான குளூட்டாதயோனும் செலவாகிவிடும். பித்தம் இறங்காவிட்டால் வைட்டமின் ஏ, டி, ஈ, கே எதுவும் உடம்பில் சரியாகச் சேராது, காறலைத் தடுப்பதே அந்த வைட்டமின் ஈதான். வைட்டமின் கே குறைந்து ரத்தம் உறையத் தாமதமானதால்தான் கல்லை எடுத்த எண்டோஸ்கோப்பிக்கு முன்னால் ஊசி போட்டார்கள்.

அதனால் வழியைத் திறப்பதுதான் மருந்து, திறந்தாச்சு. ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிலிருபின், அதாவது அந்த மஞ்சள் நிறமி, போக வாரக்கணக்காகும், ஈரல் மெதுவாகத்தான் தேறும். டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் அனுப்பாதே.

முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்த எனக்கு இது தெரியாமலா இருந்தது? கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தே ஒன்பது நாளைக் கடத்திவிட்டேன், காமாலை என்றால் இங்கே எல்லோரும் செய்வது அதுதானே. மூன்றாம் நாளே சிறுநீர் கடுங்காப்பி நிறம், மலம் களிமண் மாதிரி வெளுத்துவிட்டது. பித்தம் இறங்கவில்லை என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? ராத்திரியெல்லாம் உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தில் தேய்த்துக்கொண்டே கிடப்பாள், நான் எழுந்து தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன், சட்டத்தில் அந்த இடம் இன்னும் வழவழவென்று இருக்கிறது. பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சல் கண்ட பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கும் போன வருஷம் ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது, வலி இல்லை என்று விட்டுவிட்டாய். சரி, வலி இல்லாதவரை அவசரமில்லை என்று உன் டாக்டரும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாண வீட்டில் சொதி சாப்பிட்டு வந்த ராத்திரிதான் வலது விலாவுக்குக் கீழே முதலில் பிடித்தது. உனக்கு அப்படிப் பிடித்தால் கண்ணையும் சிறுநீரையும் பார். மஞ்சளோடு நடுக்கமும் காய்ச்சலும் இருந்தால் விடியட்டும் என்று இருக்காதே, மாப்பிள்ளையை எழுப்பி அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. எங்களுக்குக் காலையில் சொன்னால் போதும்.

கருப்பட்டி பார்சலில் போட்டிருக்கிறேன். அம்மா எழுந்துவிட்டாள், கூப்பிடுகிறாள்.

அப்பா